கார்க் தட்டும் கறுப்பு எண்ணெயும்

ஒரு மோட்டார் சைக்கிளின் கிளட்சை என் கையாலேயே கெடுத்தேன். பிறகு, கெடுத்தவன் யார் என்று மூன்று வாரம் தேடினேன். கடைசியில் வேறொருவனைக் கண்டுபிடித்து, அவன்தான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, பட்டறை முத்திரையும் குத்திக் கொடுத்தேன். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பின்னால் சொன்னால் கதைக்குத் திருப்பம் வைக்கிறேன் என்று நினைப்பீர்கள். இதில் திருப்பம் எதுவும் இல்லை. படிக்கிற உங்களுக்கு இரண்டாம் பக்கத்திலேயே விளங்கிவிடும். எனக்கு விளங்கத்தான் நாளானது.

டப்பா

எண்பதுகளின் நடுவில் ஏற்காட்டில், பஸ் ஸ்டாண்டிலிருந்து ஏரிக்கு இறங்கும் ரோட்டில் என் பட்டறை இருந்தது. சேலத்தில் நான் தொழில் கற்ற இடத்தில் என்னைவிடக் கைத்திறன் உள்ளவர்கள் நாலு பேர் இருந்தார்கள். மலைமேல் யாரும் இல்லை. அதனால் மலைக்கு வந்தேன். வந்த இரண்டு வருடத்தில் பெரிய மெக்கானிக் ஆகிவிட்டேன், போட்டிக்கு ஆள் இல்லாத இடத்தில் எவரும் ஆகிற மாதிரி.

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. படிப்பேன். எஸ்டேட் பங்களாக்களிலிருந்து பழைய பேப்பருக்கு வரும் இங்கிலீஷ் மோட்டார் பத்திரிகைகளை, மளிகைக்கடைக்காரர் மிளகு மடிக்கக் கிழிப்பதற்கு முன்னால் போய் வாங்கி வந்துவிடுவேன். டிக்‌ஷனரியை வைத்துக்கொண்டு வரிவரியாகப் படிப்பேன். படித்ததை மறுநாள் வருகிற கஸ்டமரிடம் சொல்வேன். ஸ்பார்க் பிளக் மாற்ற வந்தவர், பிளக் கண்டுபிடிக்கப்பட்ட வரலாற்றைக் கேட்டுவிட்டுத்தான் வீடு போய்ச் சேர முடியும். ஊரில் எனக்கு ‘லெக்சர் மெக்கானிக்’ என்று பேர். அதைப் பாராட்டு என்றே பல வருடம் நினைத்திருந்தேன்.

அப்படிப் படித்ததில் ஒன்று மாலிப்டினம். கியர் எண்ணெயில் கொஞ்சம் கலந்தால் இரும்பின்மேல் வழுவழுப்பாக ஒரு படலம் படியும், உராய்வு குறையும், பல் சக்கரங்கள் தேயாது என்று போட்டிருந்தது. மெட்ராஸ் போகிற லாரி டிரைவரிடம் சொல்லி ஒரு டப்பா வரவழைத்தேன். திறந்தால் மை மாதிரி கறுப்பு. முதலில் என் சொந்த வண்டியின் கியர் பாக்ஸில் ஊற்றிப் பார்த்தேன். பழைய நாலு ஸ்ட்ரோக் வண்டி அது. கியர் மாற்றினால் இரும்புக் கதவை இழுத்துச் சாத்துகிற சத்தம் வரும். ஊற்றிய மறுநாள் சத்தம் பாதியாகிவிட்டது. ஒரு வாரத்தில் கியர் விழுவதே தெரியவில்லை. ஆகவே, சோதித்துப் பார்க்காமல் ஊற்றினேன் என்று என்னை யாரும் குறை சொல்ல முடியாது.

இப்போது பட்டறை வைத்திருக்கும் தம்பிகளுக்கு இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். என் வண்டியில் கியர் பாக்ஸ் தனி, கிளட்ச் தனி. கிளட்ச் வேறொரு மூடிக்குள், தனக்கென்று தனி எண்ணெயோடு இருக்கும். அன்றைய டூ ஸ்ட்ரோக் வண்டிகள் சிலவற்றில் அப்படி இல்லை. கியர் பாக்ஸுக்கு ஊற்றுகிற எண்ணெயில்தான் கிளட்சும் குளிக்கும். கிளட்ச் என்பது ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்திருக்கிற தட்டுகளின் அடுக்கு. ஒரு இரும்புத் தட்டு, ஒரு கார்க் பதித்த தட்டு, மறுபடி இரும்பு. அந்தப் பிடிதான் இன்ஜினின் சுழற்சியைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகிறது. பிடிக்க உராய்வு வேண்டும். உராய்வே கூடாது என்று மெட்ராஸிலிருந்து வரவழைத்த மருந்தை அதன் தலையில் ஊற்றினால் என்ன ஆகும் என்பது பள்ளிக்கூடத்துப் பையன் பதில் சொல்லக்கூடிய கேள்வி. எனக்கும் அன்றைக்குத் தெரியும். எந்த வண்டியில் கிளட்ச் எங்கே இருக்கிறது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பேன். தெரிந்ததும் செய்ததும் மண்டைக்குள் ஒன்றையொன்று சந்தித்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

வெள்ளையன்

ஒரு காப்பி எஸ்டேட்டில் வெள்ளையன் ரைட்டராக இருந்தான். யார் யார் வேலைக்கு வந்தார்கள், எவ்வளவு காப்பிப் பழம் பறித்தார்கள் என்று நோட்டில் எழுதுகிற வேலை. அதே மலையில் உள்ளே தள்ளி இருக்கும் மாரமங்கலத்துக்காரன். அவன் ஊரிலிருந்து பழம் பறிக்க, மிளகுக்கு ஏணி வைக்க, கிளை நறுக்கிக் கவாத்துப் பண்ண எத்தனையோ பேர் அந்த எஸ்டேட்டுக்கு வந்திருக்கிறார்கள். பேனாவோடு வந்தவன் அவன் ஒருவன்தான். அதுவும் இரண்டு வருடமாகத் தற்காலிகம். அந்தப் பழ சீசன் முடிந்ததும் நிரந்தரம் பண்ணுவதாக மேனேஜர் சொல்லியிருந்தார். ஏற்காட்டிலேயே எஸ்டேட் குவார்ட்டர்ஸில் ஓர் அறை கிடைத்திருந்தது. மகளை டவுன் பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்பில் சேர்த்திருந்தான்.

எஸ்டேட்டின் மூன்று டிவிஷனும் மூன்று திக்கில் இருந்தன. தினமும் மூன்றுக்கும் போய்வர அவனுக்கு எஸ்டேட்டே ஒரு டூ ஸ்ட்ரோக் வண்டி கொடுத்திருந்தது. அந்த வண்டி இருந்தால்தான் அவன் ரைட்டர்.

எண்ணெய் மாற்ற வேண்டிய கிலோமீட்டர் வந்ததும் அன்றைக்கே கொண்டுவந்து நிறுத்துவான். என் கஸ்டமர்களில் அப்படி வந்தவன் அவன் ஒருவன். அந்த முறையும் வந்தான். புது எண்ணெய் ஊற்றி, அவன் கேட்காமலே டப்பாவையும் திறந்தேன்.

“இது என்னங்கண்ணா, மையாட்டம் இருக்குது?”

“மருந்து, கண்ணு. உன் வண்டிக்கு ஆயுசு கூடும்.”

பிறகு அரை மணி நேரம் மாலிப்டினம் பற்றிப் பேசினேன். நின்றபடியே கேட்டான். முடிவில், “செரிங்கண்ணா, நீங்க சொன்னா செரியாத்தான் இருக்கும்” என்றான். என் தொழில் வாழ்க்கையில் என்னைப் பற்றி யாரும் சொன்ன நல்ல வார்த்தைகளில் இது ஒன்று. இன்றைக்கும் நினைவு வைத்திருக்கிறேன், வேறு காரணத்துக்காக.

நாலாம் நாள் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தான்.

“கரடியூர் மேட்டுல இன்ஜின் கத்துதுங்க, வண்டி நகர மாட்டீங்குது. முறுக்க முறுக்க சத்தம் மட்டுந்தானுங்க வருது.”

“கிளட்ச் ஸ்லிப்.”

“எண்ணெய் மாத்துன நாள்ல இருந்துதானுங்கண்ணா. அதுக்கு முந்தின நாளு இதே மேட்டுல ஒரு மூட்டை ஒரம் வெச்சுக்கிட்டு ஏறுனனுங்க. முனகவே இல்லை.”

“எண்ணெய் மாத்துனா வண்டி நல்லாகும், கண்ணு. கெட்டுப்போகாது. அது வேற ஏதாச்சும் இருக்கும், நான் பாக்கறேன்.”

பார்த்தேன். ஒன்றும் விடாமல் பார்த்தேன். கிளட்ச் கேபிள் இறுக்கமாக இருந்தால் தட்டுகள் முழுசாகச் சேராது; லீவரில் கொஞ்சம் தொளதொளப்பு விட்டுச் சரிசெய்தேன். மூடியைக் கழற்றி ஸ்பிரிங்குகளின் உயரத்தை அளந்தேன். சரியாக இருந்தன. தட்டுகளைப் பெட்ரோலில் கழுவித் துடைத்து மாட்டினேன். வடித்த எண்ணெய் நாலே நாள் ஓடியது, மெட்ராஸ் மருந்து வேறு கலந்தது. கொட்ட மனம் வரவில்லை. துணியில் வடிகட்டித் திரும்ப ஊற்றினேன். கழுவிய தட்டு ஒரு நாள் பிடித்தது. மறுநாள் மறுபடி தள்ளிக்கொண்டு வந்தான்.

தட்டுகள்தான் போய்விட்டன என்று முடிவு செய்து, சேலத்திலிருந்து புது செட் வரவழைத்தேன். கார்க் தட்டை மாட்டுவதற்கு முன் எண்ணெயில் ஊறவைக்க வேண்டும், இல்லாவிட்டால் காய்ந்து கருகும். முறைப்படி ஊறவைத்தேன். எந்த எண்ணெயில் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. மாட்டி முடித்து ஏரியைச் சுற்றி ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்தேன். அருமையாகப் போயிற்று. ஏரி ரோடு சமதரை. ஒரு மேடு ஏறிப் பார்த்திருக்கலாம். சாப்பாட்டு நேரமாகியிருந்தது.

இரண்டு நாளில் திரும்பி வந்தான். இந்த முறை அவன் முகத்தில் பயம் இருந்தது. மேல் டிவிஷனுக்கு நடந்து போயிருக்கிறான். போய்ச் சேருவதற்குள் பழத்தை எடை போட்டு முடித்துவிட்டார்கள். நோட்டில் அன்றைய பக்கம் காலி.

“எண்ணெய ஒருவாட்டி மாத்திப் பாக்கலாங்களாண்ணா?” என்று கேட்டான்.

“எண்ணெயில ஒண்ணுமில்லை” என்றேன்.

மலையில் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. இறக்கத்தில் இன்ஜினை அணைத்துவிட்டுக் கிளட்சைப் பிடித்தபடி உருண்டு வருவார்கள். ஏற்றத்தில் கியரைக் குறைக்காமல், வளைவுக்கு வளைவு லீவரைப் பாதி அமுக்கியபடி, பாதிக் கிளட்சில் இழுப்பார்கள். அதில் தட்டு தீய்ந்துபோகும். அதனால் மலைமேல் கிளட்ச் போனால் நாங்கள் மெக்கானிக்குகள் அதிகம் யோசிக்க மாட்டோம். ‘கை சரியில்லை’ என்று இரண்டு வார்த்தையில் தீர்ப்புச் சொல்லிவிடுவோம். பத்துக்கு எட்டு முறை அது சரியாகவும் இருக்கும். மிச்ச இரண்டு பேர் என்ன ஆனார்கள் என்று யாரும் விசாரித்ததில்லை.

கேபிள் சரி, ஸ்பிரிங் சரி, தட்டு புதுசு, எண்ணெய் புதுசு. ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்தேன். மிச்சம் இருந்தது வெள்ளையன்.

ஒரு வரி

எஸ்டேட் மேனேஜர் கூப்பிட்டு அனுப்பினார். கெட்டவர் இல்லை, அவசரக்காரர். அறையில் வாசலோரமாக வெள்ளையன் நின்றிருந்தான்.

“ஏம்ப்பா, ஒரே மாசத்துல எத்தனை தடவதான் கிளட்ச் பாக்கறது? வண்டி சரியில்லையா, ஆள் சரியில்லையா? ஒரு வரி எழுதிக் குடு. மெட்ராஸ் ஆபீஸுக்கு அனுப்பணும்.”

“வண்டி நல்ல வண்டிங்க சார்” என்றேன்.

“அப்ப ஆளா?”

நான் வெள்ளையனைப் பார்த்தேன்.

“நான் ஓட்டறப்ப கிளட்ச் மேல வெரலே வெக்கறதில்லீங்கண்ணா” என்றான். “சேர்வராயன் மேல சத்தியமுங்க.”

சேர்வராயன் அந்த மலையின் சாமி; அந்தப் பெயரைச் சொல்லி அங்கே யாரும் லேசில் சத்தியம் பண்ண மாட்டார்கள். மேனேஜர்கூடப் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அதோடு நான் விட்டிருக்கலாம்.

“சேர்வராயனுக்குக் கிளட்ச் தெரியாது, கண்ணு. எனக்குத் தெரியும்” என்றேன்.

மேனேஜர் சிரித்தார். அவரைச் சிரிக்க வைத்ததில் எனக்குப் பெருமை. அந்த உற்சாகத்திலேயே உட்கார்ந்து, பையிலிருந்த பட்டறை முத்திரையை எடுத்து வைத்துக்கொண்டு, இங்கிலீஷில் எழுதினேன்: ஓட்டுபவர் வழக்கமாகப் பாதிக் கிளட்சில் ஓட்டியதே கோளாறுக்குக் காரணம். ‘வழக்கமாக’ என்பதற்கான இங்கிலீஷ் வார்த்தையை மேனேஜரின் மேஜையில் இருந்த டிக்‌ஷனரியில் சரிபார்த்துக்கொண்டேன். எழுத்துப் பிழை இல்லாமல் இருக்க வேண்டும் அல்லவா.

அந்த ஒரு வரிக்கு மெட்ராஸிலிருந்து ஒரு வரிப் பதில் வந்தது. வண்டியை சேலத்துக்கு இறக்கி விற்றுவிட்டார்கள். ரைட்டர் வேலைக்கு, மலைக்குக் கீழேயிருந்து, சொந்த வண்டி வைத்திருந்த ஒருவர் வந்தார். வெள்ளையனைப் பறிப்பு ஆட்களோடு ஆளாக வரச் சொன்னார்கள். நேற்று வரை யாருடைய பெயரை நோட்டில் எழுதினானோ அவர்களோடு நின்று, இன்று தன் பெயரை இன்னொருவர் எழுதுவதைப் பார்க்க வேண்டும். அவன் போகவில்லை. குவார்ட்டர்ஸைக் காலி செய்தான்.

அவர்கள் புறப்பட்ட அன்று நான் பஸ் ஸ்டாண்டில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். மாரமங்கலம் பஸ்ஸின் கூரையில் ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு படுக்கைச் சுருட்டு. கீழே அவன் மனைவி பழனியம்மா மகளைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். அன்றைக்குப் பள்ளிக்கூடம் இல்லை. இருந்தாலும் அந்தக் குழந்தை யூனிஃபார்ம் போட்டிருந்தது.

“வரேனுங்கண்ணா” என்று சொல்லிவிட்டு ஏறினான் வெள்ளையன்.

டிராயிங் வாத்தியார்

இரண்டு மாதம் கழித்து, அதே மாதிரி டூ ஸ்ட்ரோக் வண்டி ஒன்று எண்ணெய் மாற்ற வந்தது. பள்ளிக்கூடத்து டிராயிங் வாத்தியாருடையது. டப்பா மருந்தை ஊற்றினேன், லெக்சரையும் கொடுத்தேன். ஐந்தாம் நாள் தள்ளிக்கொண்டு வந்தார்.

“மேடு ஏறுனா இன்ஜின் கத்துதுங்க, வண்டி நகர மாட்டீங்குது.”

கையைத் துடைத்தபடி, “கை சரியில்லீங்க சார். ஹாஃப் கிளட்ச்ல ஓட்டறீங்க” என்றேன்.

வாத்தியார் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “ஏனுங்க, நான் ஊட்டுக்கும் பள்ளிக்கொடத்துக்கும் ஓட்டறவன். நடந்து போற பசங்க என்னத் தாண்டிப் போறானுங்க. இந்த வண்டியில மூணாவது கியர் இருக்குதுன்னே போன வருசந்தான் தெரியும். என்னத்த ஹாஃப் கிளட்ச்? எண்ணெய் மாத்துன நாள்ல இருந்துதான் இப்படி.”

அதே வாக்கியம். சொன்னவர் மட்டும் வேறு. வெள்ளையன் சொன்னபோது அது மலையூர்க்காரனின் அறியாமையாகத் தெரிந்தது. வாத்தியார் சொன்னபோது தகவலாகத் தெரிந்தது. நான் திரும்பி அலமாரியைப் பார்த்தேன். டப்பா மேல்தட்டில் இருந்தது.

வாத்தியார் வண்டியின் எண்ணெயை வடித்தேன். இரண்டு விரலால் தொட்டுத் தேய்த்தேன். விரலும் விரலும் ஒன்றையொன்று பிடிக்க முடியாமல் நழுவின. இதைப் பார்க்க எந்தப் பத்திரிகையும் தேவைப்படவில்லை. மண்ணெண்ணெய் ஊற்றி இரண்டு முறை கழுவினேன். மருந்து குடித்த கார்க் தட்டுகளை எறிந்துவிட்டு, புதிய தட்டுகளைச் சாதா எண்ணெயில் ஊறவைத்து மாட்டினேன். வாத்தியாரைப் பின்னால் உட்காரவைத்துக் கரடியூர் மேட்டில் ஏற்றினேன். வண்டி கத்தவில்லை, இழுத்தது.

“நல்லா இழுக்குதுங்க, போதும், நிறுத்துங்க. எனக்குப் பயமா இருக்குது” என்றார் வாத்தியார் பின்னாலிருந்து. நான் நிறுத்தவில்லை. நிறுத்தினால் திரும்பி அவர் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும்.

மறுநாள் டப்பாவை எடுத்துக்கொண்டு மேனேஜரிடம் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

“அப்ப அன்னைக்கு எழுதிக் குடுத்தது தப்பா?”

“தப்புங்க சார்.”

“இன்னைக்குச் சொல்றது சரிங்கறதுக்கு என்ன அத்தாட்சி? நாளைக்கு இன்னொரு டப்பாவைத் தூக்கிட்டு வருவே.” கொஞ்சம் யோசித்து, இரக்கமாகவே சொன்னார்: “ஃபைல் போயாச்சு. புது ஆளு வந்தாச்சு. நீ எதுக்கு உம் பேரைக் கெடுத்துக்கறே? மலைமேல நல்ல மெக்கானிக்னு நாலு பேரு சொல்லிட்டிருக்காங்க.”

அந்தக் கடைசி வாக்கியத்தைக் கேட்டபோது மனதின் ஒரு மூலையில் ஆறுதலாக இருந்தது. இதையும் எழுதத்தான் வேண்டும். மாரமங்கலம் ஒன்றும் சீமையில் இல்லை. ஆனாலும் போவதற்கு எனக்கு இன்னும் மூன்று வாரம் பிடித்தது.

மாரமங்கலம்

அவர்கள் வீட்டு வாசலில் பாயில் மிளகு காய்ந்துகொண்டிருந்தது. பழனியம்மா உட்கார்ந்து காம்பு பொறுக்கிக்கொண்டிருந்தாள். மகள் கோழியைத் துரத்தி ஓடினாள். இடுப்பில் அந்தப் பள்ளிக்கூடத்துப் பாவாடை, சாயம் போக ஆரம்பித்திருந்தது. வெள்ளையன் கொல்லையிலிருந்து மண் கையோடு வந்தான்.

“வாங்கண்ணா. உக்காருங்க.”

நான் உட்காரவில்லை. தப்பு என்னுடையது என்று ஒரு வரியில் சொல்லிவிட்டு வருவதாகத்தான் வழியெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தேன். வாயைத் திறந்ததும் லெக்சர் வந்துவிட்டது. மாலிப்டினம், படலம், கார்க் எப்படி எண்ணெய் குடிக்கும், என் வண்டியில் கிளட்ச் ஏன் தனி. அரை மணி நேரம். அவன் அன்றைக்கு மாதிரியே நின்றபடி கேட்டான்.

நான் முடித்ததும் பழனியம்மாதான் பேசினாள். “இதச் சொல்லவா இவ்வளவு தூரம் வந்தீங்க? எண்ணெய்தான்னு இவுரு அன்னைக்கே சொன்னாருங்களே.”

“சொன்னாப்ல. நான் கேக்கலீங்க.”

“எங்களுக்குத் தெரிஞ்சத எங்ககிட்டயே வந்து சொல்றீங்க. மேனேஜருக்குச் சொல்லுங்க.”

“சொன்னேனுங்க.”

“என்னன்னாரு?”

“ஃபைல் போயிருச்சுன்னாரு.”

அவள் மிளகுக்குத் திரும்பிவிட்டாள்.

“பட்டறைக்கு வந்துரு, வெள்ளையா” என்றேன். “எங்கூடவே இரு. வேலை தர்றேன்.”

“எனக்கு எழுதற வேலைதானுங்கண்ணா தெரியும்” என்றான். அவன் குரலில் கோபம் இல்லை.

தம்பிகளுக்கு இதில் பாடம் ஒன்று இருக்கிறது. எண்ணெய் மாற்றியபின் கிளட்ச் நழுவினால், கேபிளைத் தொடாதே, ஸ்பிரிங்கை அளக்காதே. கடைசியாக அந்த வண்டிக்குள் என்ன போயிற்று என்று முதலில் பார். கடைசியாகக் கை வைத்தது நீயென்றால் உன் கையிலிருந்து ஆரம்பி. ஓட்டுகிறவனைக் கேள், அவன் சொல்லி முடிக்கும் வரை வாயை மூடிக்கொண்டு இரு. கோளாறு என்னவென்று தெரியாவிட்டால் தெரியவில்லை என்று எழுது. இங்கிலீஷில் அதற்கும் சின்ன வார்த்தைகள்தான்.

புறப்பட்டேன். வெள்ளையன் ரோடு வரை கூட நடந்து வந்தான். வண்டியை உதைத்துக் கிளப்பி முதல் கியரைப் போட்டேன். ஒரு சத்தமும் இல்லாமல் விழுந்தது. அவன் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தான்.

“கியர் விழறதே தெரியலீங்களே” என்றான். “உங்க வண்டிக்கு அது நொம்ப நல்ல எண்ணெய்தானுங்கண்ணா.”